நாடிழந்தவனின் தோட்டங்கள்

1529ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. கங்கைச் சமவெளியில் ஒரு படை முகாம். காக்ரா நதிக்கரைப் போர் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ரமலான் மாதத்து இரவுத் தொழுகையை முடித்துவிட்டு பாபர் எழுத உட்கார்ந்தார். பருவமழையின் முதல் சூறைக்காற்று அப்போது வந்தது. முகாமில் பெரும்பாலான கூடாரங்கள் சாய்ந்தன. தாள்களைச் சேர்த்தெடுக்க நேரமில்லாமல் அவருடைய கூடாரமும் அவர் மேலேயே விழுந்தது. அவருக்குக் காயமில்லை. எழுதியதெல்லாம் தண்ணீரில் ஊறிப்போயிற்று. அரியணையில் விரித்திருந்த கம்பளியின் மடிப்புகளுக்குள் ஈரத் தாள்களை வைத்து, மேலே போர்வைகளை அடுக்கினார்கள். காற்று தணிந்ததும் இன்னொரு கூடாரம் கட்டி, விளக்கேற்றி, பெரும்பாடுபட்டு நெருப்பு மூட்டி, விடியும்வரை உறங்காமல் ஒவ்வொரு தாளாக உலர்த்தினார்கள்.

ஒரு பேரரசர் இரவெல்லாம் விழித்துக் காத்த அந்த எழுத்தில் என்ன இருந்தது? போர்கள் இருந்தன. அவற்றோடு ஒரு மலைச்சரிவில் எத்தனை வகை துலிப் பூத்தது என்ற கணக்கும், எந்த ஊர் மாதுளை எதற்குப் பேர்போனது என்ற தகவலும், வளைந்து ஓடிய வாய்க்கால் ஒன்றை நேராக்கிய செய்தியும் இருந்தன. தம் தாய்மொழியான சகதாய் துருக்கியில் பாபர் எழுதிய இந்த வாழ்க்கைக் குறிப்புகளில் நமக்கு மிஞ்சியவை சில பகுதிகள்தான். 1508க்கும் 1519க்கும் இடையிலான ஆண்டுகள் இல்லை. 1520 முதல் 1525 வரையுள்ளவையும் இல்லை. மிஞ்சியதை 1589இல் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் அக்பருக்காகப் பாரசீகத்தில் பெயர்த்தார். பாபர்நாமா என்ற பெயரில் உலகம் படிப்பது இந்த மிஞ்சிய பகுதிகளைத்தான்.

செய்தித்தாளைத் திறக்கவே மனம் கூசும் காலங்களில் நான் இந்தப் புத்தகத்திடம் போகிறேன். அமைதியாக வாழ்ந்த ஒருவரின் தோட்டக் குறிப்பு எனக்கு அந்த நேரத்தில் உதவுவதில்லை. பாபரின் வாழ்க்கையில் போரோ ஓட்டமோ இல்லாத ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவருக்கு அழகும் ஆறுதலும் எங்கிருந்து கிடைத்தன, அவை அவரை என்ன செய்தன, எதைச் செய்ய அவற்றால் முடியவில்லை என்பதையெல்லாம் இந்த ஒரே புத்தகம் மறைக்காமல் சொல்கிறது.

*

1494இல் ஃபெர்கானாவின் ஆட்சியாளர் உமர் ஷேக் மிர்ஸா, அக்சி கோட்டையின் விளிம்பில் இருந்த புறாக்கூண்டோடு பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். அவர் மகன் பாபர் தம் பன்னிரண்டாவது வயதில் அரசரானார். சொந்த ஊரான அந்திஜானைப் பற்றி எழுதும்போது அவர் ஒரு வழக்கத்தைக் குறித்துவைக்கிறார்: முலாம்பழக் காலத்தில் அங்கே தோட்டத்து வரப்பில் பழத்தை விலைக்கு விற்பதில்லை. வழிப்போக்கர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நாற்பது வயதுக்குப் பின் அயல்நாட்டில் இருந்துகொண்டு பிறந்த ஊரை எழுதுகிற ஒருவர், கோட்டையின் உறுதியோடு இந்தச் சிறு வழக்கத்தையும் மறக்காமல் பதிகிறார். தாம் இழந்த ஊரின் குணத்தை அவர் அதில்தான் கண்டிருக்க வேண்டும்.

இழப்பு சீக்கிரமே தொடங்கிவிட்டது. 1497இல் ஏழு மாத முற்றுகைக்குப் பின் சமர்கந்தைப் பிடித்தார். நூறு நாளே வைத்திருக்க முடிந்தது. அங்கே அவர் நோயில் கிடக்க, இங்கே அந்திஜான் கைவிட்டுப் போயிற்று. 1500இல் 240 பேரோடு இரவில் புகுந்து சமர்கந்தை மறுபடி எடுத்தார். அடுத்த ஆண்டே உஸ்பெக் தலைவர் ஷைபானி கானிடம் தோற்று, மாதக்கணக்கில் முற்றுகைக்குள் பட்டினி கிடந்து, ஓர் இரவில் நகரை விட்டு வெளியேறினார். அந்தக் குழப்பத்தில் அக்காள் கான்ஸாதா பேகம் ஷைபானியின் கையில் அகப்பட்டார். சுற்றுப்புற வாய்க்கால்களுக்கிடையே இருட்டில் வழி தவறி, விடிந்த பிறகு குதிரையோட்டி, கடைசியில் திஸாக் என்ற ஊரை அடைந்தார்கள். அங்கே கொழுத்த இறைச்சி இருந்தது. நல்ல மாவில் சுட்ட ரொட்டி இருந்தது. இனிப்பான முலாம்பழமும் திராட்சையும் வேண்டிய மட்டும் இருந்தன. பஞ்சத்திலிருந்து நிறைவுக்கும் மரண பயத்திலிருந்து உயிர்ப்புக்கும் வந்த அந்தச் சில நாளின் சுகத்தை வாழ்நாளில் வேறெப்போதும் உணர்ந்ததில்லை என்ற பொருளில் எழுதுகிறார். அரசு போய்விட்டது, அக்காள் என்ன ஆனாள் என்று தெரியாது. ஆனாலும் பழம் இனிக்கிறது. இனித்ததற்காக அவர் வெட்கப்படவில்லை, அதை எழுதாமல் விடவுமில்லை. துயரத்தில் இருப்பவன் எதையும் ருசிக்கக்கூடாது என்று நமக்குள் ஒரு விதி இருக்கிறது. 19 வயதுகூட நிரம்பாத அந்த அகதிக்கு அப்படியொரு விதி இல்லை.

அங்கிருந்து திக்கத் என்ற மலைக் கிராமம். குளிர்காலத்தை ஊர்த்தலைவர் வீட்டில் கழித்தார்கள். தலைவரின் தாய்க்கு வயது 111. தைமூர் இந்துஸ்தானத்துக்குப் படையெடுத்தபோது அவளுடைய உறவினர் ஒருவர் அந்தப் படையில் போயிருந்தாராம். அந்தக் கதைகளைக் கிழவி சொல்லுவாள். பாபர் அந்த மலைகளில் வெறுங்காலோடு நடந்து பழகினார். நடந்து நடந்து, பாறையும் கல்லும் காலுக்குத் தெரியாத அளவுக்குப் பாதம் காய்த்துவிட்டது. வீடில்லாமல் மலைக்கு மலை இப்படி அலைவதில் அர்த்தமில்லை என்ற எண்ணமும் வந்ததாக எழுதுகிறார். சின்ன வயதிலிருந்தே சீனத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. எல்லாம் போன பிறகு அப்படியே போய்விடலாமா என்றுகூட யோசித்தார். அரசராக இருக்கும்வரை கைகூடாத பயணம், ஏதுமற்றவராக ஆனபின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனாலும் அவர் அங்கே போகவில்லை. வழி அவரைத் தெற்கே திருப்பியது.

1504 கோடையில் ஃபெர்கானாவைவிட்டுப் புறப்பட்டபோது உடன் வந்தவர்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. பெரும்பாலோர் கையில் தடி, காலில் முரட்டுத் தோல் செருப்பு, உடம்பில் நீண்ட அங்கி என்று நடந்தே வந்தார்கள். மொத்தம் இரண்டு கூடாரங்கள். தம்முடையதை பாபர் தாய்க்குக் கொடுத்துவிட்டார். இந்துகுஷ் கணவாயைத் தாண்டும் இரவில், தெற்கே தாழ்வாகப் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அதுவரை அவர் கண்டிராத சுஹைல் நட்சத்திரம். நம் பக்கத்தில் அகத்தியர் என்று சொல்வது இதைத்தான். ஃபெர்கானா இருக்கும் வடக்கில் இது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. ஊரில் இருந்திருந்தால் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்க மாட்டார். நாடிழந்து தெற்கே வந்ததால் புதியதொரு நட்சத்திரம் அவர் வானத்தில் சேர்ந்தது. இழப்புக்கு இது ஈடாகுமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்தார்; எழுதிவைத்தார்.

*

1504 அக்டோபரில் காபூல் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தாய் குத்லுக் நிகார் கானம் காய்ச்சலில் இறந்தார். பாபரின் சிற்றப்பா உலுக் பேக் மிர்ஸா மலையடிவாரத்தில் அமைத்திருந்த தோட்டத்தில், அவருடைய வாரிசுகளிடம் அனுமதி கேட்டு, தாயை அடக்கம் செய்தார். காபூலைப் பிடித்தவர் அனுமதி கேட்டுத்தான் தாய்க்கு இடம் வாங்கினார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தப் புது ஊரின் மண்ணோடு அவருக்கு ஏற்பட்ட முதல் ஆழமான உறவு ஒரு தோட்டத்துக்குள் தோண்டிய குழிதான்.

பின்பு அவர் அந்த நாட்டை அறியத் தொடங்கினார். காபூலில் 11 அல்லது 12 மொழிகள் பேசப்படுவதைப் பட்டியலிட்டார். எந்தக் கணவாய் எந்த மாதத்தில் திறக்கும், எந்தப் பள்ளத்தாக்கில் பறவைகளை எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தச் சரிவில் என்ன புல் முளைக்கிறது என்றெல்லாம் விசாரித்தார். மலையடிவாரங்களில் பூக்கும் துலிப் வகைகளை ஒருமுறை எண்ணச் சொன்னார். 32 அல்லது 33 வகை தேறின. அவற்றில் ஒன்று ரோஜாவின் மணத்தோடு ஒரு குறிப்பிட்ட சமவெளியில் மட்டும் பூக்கும் என்று பதிந்தார். வரி வசூலுக்கு இந்தக் கணக்கு எந்த விதத்திலும் பயன்படாது. பிறந்த ஊரில் இருப்பவர்களுக்கு அங்குள்ள பூவை எண்ண வேண்டிய தேவை வருவதில்லை. அது எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தவர்தான் எண்ணுகிறார். பாபர்நாமாவின் தாவரக் குறிப்புகளை நான் இப்படித்தான் படிக்கிறேன். எதுவும் பறிபோகக்கூடும் என்று தெரிந்த கண் எதையும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை.

1506இல் அவர் ஹெராத்துக்குப் போனார். கவிகளும் ஓவியர்களும் நிறைந்த நகரம். சுல்தான் ஹுசைன் பைகரா அப்போதுதான் மறைந்திருந்தார். மூன்று வாரத்துக்குள் தோட்டங்கள், கல்லறை மாடங்கள், கல்விச்சாலைகள் என்று ஒன்றுவிடாமல் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஆண்டே அந்த நகரமும் ஷைபானியிடம் விழப்போகிறது. திரும்பும்போது மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். பனி மார்பளவு. ஆட்கள் முறைவைத்துப் பனியை மிதித்து மிதித்துக் குதிரைகளுக்கு வழி உண்டாக்கினார்கள். இரவில் ஒரு குகை தென்பட்டது. உள்ளே வரும்படி அவரை அழைத்தார்கள். ஆட்களெல்லாம் வெளியே பனியில் கிடக்க நான் மட்டும் கதகதப்பில் படுப்பது மனிதத்தன்மை ஆகாது என்று மறுத்து, பனியில் ஒரு குழி தோண்டி அதில் உட்கார்ந்துகொண்டார். முதுகிலும் தலையிலும் காதிலும் நான்கு விரற்கடைப் பனி படிந்தது. குகை எல்லோரும் தங்கும் அளவுக்குப் பெரியது என்று தெரிந்த பிறகே உள்ளே போனார். ஹெராத்தின் மாடங்களும் இந்தப் பனிக்குழியும் ஒரே பயணத்தில் வருகின்றன. அழகைத் தேடிப் போகும் பயணம் நம்மை உடன் வருபவர்களிடமிருந்து பிரிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

*

1508 அல்லது 1509இல், இன்றைய ஜலாலாபாத் பக்கம், அதினாபூர் கோட்டைக்குத் தெற்கே ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் பாக்-இ-வஃபா என்ற விசுவாசத் தோட்டத்தை பாபர் அமைத்தார். பாரசீக முறையில் நான்கு பாகமாகப் பிரித்து, நடுவே நீரோடும் தோட்டம். தென்மேற்கு மூலையில் பத்துக்குப் பத்து அளவில் ஒரு குளம். அதைச் சுற்றி ஆரஞ்சு மரங்கள், சில மாதுளைகள், அவற்றைச் சுற்றி ஒரு புல்வெளி. ஆரஞ்சு நிறம் பிடிக்கும் காலத்தில் அந்த மூலைதான் தோட்டத்தின் கண் என்கிறார். ஒரு வருடம் கரும்பு நட்டுப் பார்த்தார். நன்றாக வந்தது, புகாராவுக்கும் படக்‌ஷானுக்கும் அனுப்பினார். லாகூரை வென்ற 1524இல் இந்துஸ்தானத்திலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்து நட்டார், அதுவும் பிடித்துக்கொண்டது. படையெடுத்துப் போன இடத்திலிருந்து கன்றைச் சுமந்துவந்து, அது வேர் விட்டதா என்று பார்க்கிற மனம் அது.

அக்பர் காலத்து ஓவியர்கள் பிஷன்தாஸும் நன்ஹாவும் இந்தத் தோட்டம் உருவாவதை ஒரு படமாக வரைந்தார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஆட்கள் நூல் பிடித்து அளக்கிறார்கள், மண்வெட்டியால் வெட்டுகிறார்கள், பாபர் நின்று கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். படத்தின் நடுவில் அரியணை இல்லை, நீர்தான் இருக்கிறது. அந்த வறண்ட நிலத்தில் தோட்டம் என்றாலே முதலில் தண்ணீர்க் கணக்கு. எங்கே ஊற்று, எவ்வளவு சரிவு, எந்தப் பாத்திக்கு எந்த மடை என்று தெரியாமல் ஒரு மரம்கூட நிற்காது. இடம் விட்டு இடம் ஓடிக்கொண்டிருந்தவர் இந்தக் கணக்கில் உட்கார்ந்தார். ஊரை ஆள்வதற்கு ஒரு வெற்றி போதும். வாய்க்கால் வெட்டுவதற்கு அந்த ஊரின் மேடு பள்ளம் தெரிந்திருக்க வேண்டும், அங்குள்ளவர்களிடம் கேட்க வேண்டும், பல பருவங்கள் காத்திருக்கவும் வேண்டும். அவருக்கு ஆறுதல் தந்தது இந்தக் கடமைதான் என்று நினைக்கிறேன். தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள அவருக்கு ஒருபோதும் நேரமிருந்ததில்லை. இரண்டு படையெடுப்புகளுக்கு நடுவே வந்து, நட்டது என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போவார். 1525இல் இந்துஸ்தானத்தை நோக்கிக் கடைசியாகப் புறப்பட்டபோதும், மகன் ஹுமாயூன் வந்து சேரும்வரை இந்தத் தோட்டத்தில்தான் காத்திருந்தார்.

காபூலுக்கு வடக்கே இஸ்தாலிஃப் ஊரில் ஒரு பெரிய தோட்டம் இருந்தது. அதே உலுக் பேக் மிர்ஸா உரியவர்களிடமிருந்து அதைப் பலவந்தமாகப் பிடுங்கியிருந்தார். பாபர் அந்த உரிமையாளர்களுக்கு விலை கொடுத்தார். தோட்டத்தின் நடுவே சினார் மர நிழலில் ஓர் ஓடை வளைந்து வளைந்து ஓடியது, அதை நேராக்கினார். பிடுங்கிய மண்ணில் இருக்கும் தோட்டம், விலை கொடுத்துத் தீர்க்கும்வரை தோட்டமாகாது என்ற உணர்வு அவருக்கு அங்கே இருந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் அது இருக்கவில்லை. 1519 ஜனவரியில் பஜௌர் கோட்டையைப் பிடித்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, மண்டை ஓடுகளால் ஒரு கோபுரம் எழுப்ப உத்தரவிட்டார். அதையும் அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், காபூலுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் இளம் ஆப்பிள் மரமொன்றைக் கண்டார். கிளைக்கு ஐந்தாறு இலைகள் மட்டும் நிறம் மாறி ஓர் ஒழுங்கில் நின்றன. எந்த ஓவியர் முயன்றாலும் அப்படித் தீட்ட முடியாது என்று எழுதினார்.

இந்த இரண்டு பக்கங்களையும் நான் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். அந்த ஆப்பிள் இலைகளைக் கண்ட கண்தான் பஜௌரையும் கண்டது. தோட்டம் அவரை நல்லவராக்கவில்லை. அழகை ரசிப்பவர் கொடுமை செய்யமாட்டார் என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் வார்த்தை. வரலாற்றில் அதற்குச் சான்றில்லை. ஆனால் இந்தக் கசப்பை ஒப்புக்கொண்ட பிறகும் அந்த இலைகள் பொய்யாகிவிடவில்லை. கொன்றவரின் கண்ணில் பட்டதால் அழகுக்குக் கறை சேர்வதில்லை. அழகைக் கண்டதால் கொலைக்கு மன்னிப்பும் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் சுமக்கப் பழகுவதுதான் வளர்ந்தவர்களின் வாசிப்பு. ஆறுதலைத் தேடிப் போகும்போது நான் முதலில் எனக்குச் சொல்லிக்கொள்வது இது: தோட்டத்திடம் ஆறுதல் கேட்கலாம், பாவமன்னிப்புக் கேட்கக்கூடாது.

*

1526 ஏப்ரலில் பானிபட் போர் வெற்றி. அதன்பின் ஆக்ராவின் கோடை. வெப்பத்தில் ஆட்கள் செத்து விழுந்தார்கள்; தளபதிகள் ஊர் திரும்பத் துடித்தார்கள். வெயில், புழுதி, அனல்காற்று மூன்றும் பாபரையும் வாட்டின. யமுனையைக் கடந்து தோட்டத்துக்கு இடம் பார்க்கப் போனார். எதுவும் பிடிக்கவில்லை. வேறு இடமும் இல்லை. அதனால் அங்கேயே முதலில் ஒரு பெரிய கிணறு, பிறகு புளியமரங்கள் நின்ற இடத்தில் எண்கோணக் குளம், பிறகு ரோஜாவும் நர்கிஸும் நட்ட பாத்திகள் என்று தொடங்கினார். ஆற்றின் அந்தக் கரையை ஊர்மக்கள் காபூல் என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். தோல்பூரில் பாறையைக் குடைந்து தாமரைத் தோட்டம் ஒன்றையும் அமைத்தார். மறைந்துபோயிருந்த அதன் சுவடுகளை 1978இல் எலிசபெத் மொய்னிஹான் என்ற அமெரிக்க ஆய்வாளர் அடையாளம் கண்டார்.

இந்துஸ்தானத்தைப் பற்றி பாபர் எழுதிய கடுஞ்சொற்களைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே பக்கங்களில் அவர் செம்பருத்தியைப் பார்த்து நிற்கிறார். ஒரே நாளில் வாடிவிடுகிறதே என்று வருந்துகிறார். அரளியைப் பார்க்கிறார். தாழம்பூவை முகர்ந்து, கஸ்தூரி உலர்ந்த மணமென்றால் இது ஈரமான கஸ்தூரி என்கிறார். மாம்பழம், பலா, வாழை, இலுப்பை, புளி ஒவ்வொன்றையும் இலை, பூ, காய் என்று வரிசையாக விவரிக்கிறார். பிடிக்காத நாட்டையும் அவரால் உதாசீனம் செய்ய முடியவில்லை. நம்முடைய வேலிப் பூக்களை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவரின் பக்கத்தில் நின்று நாமும் பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது.

1529 பிப்ரவரியில், காபூலில் இருந்த நண்பர் க்வாஜா கலானுக்கு ஒரு கடிதம் எழுதினார். யாரோ முலாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெட்டிச் சாப்பிட்டபோது அழுகை அடக்க முடியாமல் வந்தது என்று அதில் சொல்கிறார். திஸாக்கில் உயிர்ப்பைத் தந்த அதே பழம், இங்கே நாடில்லாத வலியைத் தந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் இடையில் போயிருந்தன; வட இந்தியாவின் பெரும்பகுதி அவர் காலடியில் இருந்தது. கடிதம் அழுகையோடு நின்றுவிடவில்லை. காபூலில் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் பற்றாது, ஓடையில் ஒரு பங்கை விலைக்கு வாங்கித் திருப்பிவிடுங்கள், மரக்கன்றுகளை வரிசையாக நடுங்கள், ஓரங்களில் மணமுள்ள பூச்செடி வையுங்கள் என்றும் நண்பருக்குப் பணிக்கிறார். தாம் திரும்பிப் போய்ப் பார்ப்போமா என்பது தெரியாத தோட்டத்துக்கு அவர் தண்ணீர் வாங்குகிறார். அந்த ஆண்டு கோடையில், பல்க்கிலிருந்து வரவழைத்த ஒரு விவசாயி ஆக்ராவில் விளைவித்த முலாம்பழங்களைக் கொண்டுவந்து வைத்தார். இந்துஸ்தானத்து மண்ணிலும் இது விளைகிறதே என்று பாபர் மகிழ்ந்தார்.

அதே ஆண்டு காபூலிலிருந்து வந்த ஆறு வயது மகள் குல்பதன், பிற்காலத்தில் ஹுமாயூன்நாமா எழுதினார். ஆட்சியில் மனம் சலித்துவிட்டது, ஒரே ஒரு பணியாளரோடு பொன்தூவும் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்று தந்தை சொன்னதை அவர்தான் பதிவுசெய்தார். அந்தக் குல்பதன் ஐம்பதைக் கடந்த வயதில், அரண்மனைப் பெண்களுக்குத் தலைமை தாங்கி மக்காவுக்குப் போனார். 1575இல் புறப்பட்டவர்கள் 1582இல்தான் ஊர் திரும்பினார்கள். வழியில் ஏடன் துறைமுகத்தில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். தந்தையின் அலைச்சலில் பாதி கட்டாயம். மகளின் பயணம் அவரே விரும்பி மேற்கொண்டது. அந்தக் குடும்பத்தின் பயணக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

*

1530 டிசம்பரில் பாபர் ஆக்ராவில் இறந்தார். 48 வயதுகூட நிரம்பவில்லை. முதலில் யமுனைக் கரைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அவர் விரும்பியபடியே, காபூலில் ஷேர் தர்வாஸா மலைச்சரிவில் உள்ள தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மேலே கூரையில்லாத, திறந்த வானத்தின் கீழான கல்லறை. பிற்காலத்தில் ஜஹாங்கீர் அங்கே நினைவுக்கல் வைத்தார். ஷாஜஹான் சிறிய பளிங்கு மசூதி ஒன்றைக் கட்டினார்.

இந்தியாவில் இன்று அவர் பெயர் தோட்டங்களை நினைவூட்டுவதில்லை. 1992 டிசம்பர் 6ஆம் தேதி அயோத்தியில் அவர் பெயர் தாங்கிய மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து நாடெங்கும் மூண்ட கலவரங்களில் எத்தனையோ உயிர்கள் போயின. அதே 1992இல் காபூலில் உள்நாட்டுப் போர் வெடித்து, பாபரின் தோட்டம் போரிடும் அணிகளுக்கு நடுவே சிக்கியது. பல தலைமுறை மரங்களை வெட்டினார்கள். நீரிறைக்கும் இயந்திரங்கள் களவு போயின. மண்ணில் கண்ணிவெடிகள் கிடந்தன. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் பெயரில் இரண்டு நாடுகளில் ஒரே ஆண்டில் இரண்டு அழிவுகள். எந்த அழிவிலும் அவரைத் தண்டிக்க முடியவில்லை. துன்பப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடிருந்த சாதாரண மனிதர்கள்.

2002க்குப் பிறகு ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை காபூல் தோட்டத்தை மீட்கும் பணியைத் தொடங்கியது. கண்ணிவெடிகளை அகற்றினார்கள். சுற்றிலும் மண்சுவரை மறுபடி எழுப்பினார்கள். சுற்றுப்புறக் குடியிருப்பு மக்கள் கூலிக்கு வேலை செய்தார்கள். சரிவில் இறங்கும் படித்தளங்களின் நடுவே பளிங்கு வாய்க்காலைத் திரும்ப அமைத்தார்கள். பாபர் குறிப்பிட்ட மரவகைகளைத் தேடி, மாதுளை, வாதுமை, சினார், அர்கவான் என்று நட்டார்கள். எந்த மரத்தை நடுவது என்று முடிவுசெய்ய ஐந்நூறு ஆண்டுப் பழைய ஒரு நாட்குறிப்பு உதவியது. தம் கைக்கு எட்டிய செடிகளின் பெயரை ஒருவர் பொறுமையாக எழுதிவைத்ததன் பயன் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் குடும்பங்கள் பாய் விரித்து, தேநீர்க் குடுவையோடு புல்லில் உட்கார்ந்தன.

2022 நவம்பரில் தாலிபான் அரசு காபூலின் பூங்காக்களுக்குள் பெண்கள் நுழையத் தடை விதித்தது. ஊரின் பாதிப்பேருக்குக் கதவு மூடியது. குல்பதனின் ஊரில், ஒரு பெண் மரநிழலில் உட்காருவது குற்றமாயிற்று. மலர்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தோட்டம் தானாக யாருக்கும் ஆறுதல் தந்துவிடுவதில்லை. அதன் வாயில் யாருக்குத் திறக்கிறது என்பதில்தான் அது தோட்டமா, அதிகாரத்தின் இன்னொரு முற்றமா என்பது தீர்மானமாகிறது. அந்திஜானின் வரப்பில் வழிப்போக்கருக்கு இலவசமாகக் கொடுத்த முலாம்பழம் இந்த விஷயத்தில் எந்த அரசத் தோட்டத்தையும்விட உயர்ந்தது.

காபூலுக்கு வடக்கே பர்வான் மாகாணத்தில் அர்கவான் பூக்கும் குன்றுகள் உண்டு. இலை துளிர்க்கும் முன்பே கிளையெல்லாம் ஊதாவும் சிவப்புமாகப் பூத்துவிடும் மரம் அது. க்வாஜா சேயாரான் ஊற்றுக்கருகே அந்தப் பூக்களைப் பார்க்க பாபர் ஒரு மேடை கட்டினார். உலகில் இதற்கு இணையான இடம் இருக்காது என்று நினைத்தார். ஐந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ ஆட்சிகள் மாறியும், வசந்தத்தில் அந்தக் குன்றுகளுக்கு ஏறிப் போகும் வழக்கத்தை மக்கள் விடவில்லை. யாரும் நடாத, யாரும் வேலி போடாத பூக்கள் அவை.

நமக்கு நேரும் இடர்கள் வேறு வகை. வேலை போகிறது, ஊர் மாறுகிறது, நம்பியவர்கள் விலகுகிறார்கள், நாட்டுச் செய்திகள் நெஞ்சை அழுத்துகின்றன. அப்போதெல்லாம் செடி வளர்ப்பதையும் ஊர் சுற்றுவதையும் மனத்தைத் திசைதிருப்பும் வழிகளாகப் பலரும் சொல்கிறார்கள். நான் அவற்றை அப்படி நினைக்கவில்லை. புதிதாகப் போன ஊரில் என்ன மரம் நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்குள்ளவர்கள் அந்தப் பூவை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த இடத்தின் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்பது. ஒரு கன்று நடுவது, அது காய்க்கும்வரை அந்த மண்ணைக் கவனிப்பேன் என்று கையெழுத்திடுவது. குலைந்துபோன மனத்துக்கு இப்படிப்பட்ட சிறு கடமைகள் பிடிமானமாகின்றன, ஏனென்றால் அவை நம்மை நம் துயரத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றுக்குத் தேவையானவராக ஆக்குகின்றன. பாபருக்கு அவை பிடிமானமாக இருந்தன. அவர் செய்த கொடுமைகளை அவற்றால் தடுக்க முடியவில்லை. அது நம்முடைய மனச்சாட்சி தனியே செய்யவேண்டிய வேலை. இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது: வாய்க்காலைத் தூர்வார வேண்டும்; அந்த வாய்க்கால் ஓடும் தோட்டத்தின் கதவை எல்லோருக்கும் திறந்துவைக்கப் போராடவும் வேண்டும்.